‘சர்வர் டவுன்’ ஆனால் யார் எழுப்புவார்? தூத்துக்குடி மாணவர்கள் கல்லூரியிலேயே கற்கக்கூடிய ஒரு வேலை!

ரேஷன் கடையில் வரிசை நகரவில்லை என்றால் காரணம் கேட்கவே தேவையில்லை. “சர்வர் டவுன்மா, மதியம் வாங்க” என்பார்கள். இ-சேவை மையத்துக்குப் போனால், “சர்வர் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் உட்காருங்க.” தூத்துக்குடியில் இந்த வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் கனம் அதிகம். வ.உ.சி. துறைமுகம் வழியாகப் போகும், வரும் சரக்குக்கான சுங்க ஆவணங்கள் ‘ஐஸ்கேட்’ என்ற இணையதளம் வழியாகத்தான் தாக்கல் ஆகின்றன. அப்படி ஒரு பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், கன்டெய்னர், லாரி, டிரைவர் எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, அந்த சர்வரை யார் கவனித்துக்கொள்கிறார்கள்? அந்த வேலையைக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களா? பார்க்கலாம்.

சர்வர் என்றால் என்ன?

நம் ஊரில் சர்வர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஹோட்டல் சர்வர்தான். 1964-ல் நாகேஷ் நடித்த ‘சர்வர் சுந்தரம்’ வந்தபோது அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. கணினி சர்வர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. உங்கள் போனில் இருக்கும் பிரவுசர்தான் வாடிக்கையாளர். அது ஒரு பக்கத்தை ஆர்டர் செய்யும். வெப் சர்வர் அதைக் கேட்டு, சமையலறை மாதிரி பின்னால் இருக்கும் டேட்டாபேஸில் இருந்து வாங்கி வந்து பரிமாறும்.

உலகின் முதல் வெப் சர்வர், 1990-ன் இறுதியில் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய ஒரு கணினி. ‘இது சர்வர், யாரும் அணைத்துவிடாதீர்கள்’ என்று அதன்மேல் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சர்வர் நிர்வாகியின் வேலை அந்தச் சீட்டில் எழுதியதுதான். ஆனால் செய்யும் விதம் ரொம்பவே மாறிவிட்டது.

‘அட்வான்ஸ்டு’ எங்கே தொடங்குகிறது?

லேப்பில் அப்பாச்சியை இன்ஸ்டால் செய்து, ஒரு பக்கத்தைப் போட்டு, பிரவுசரில் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும். அது அடிப்படைப் பாடம். அந்தப் பக்கத்தை ஒருவருக்குப் பதில் ஒரு லட்சம் பேர் ஒரே நிமிடத்தில் கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் அட்வான்ஸ்டு பாடம் தொடங்குகிறது.

பிளஸ் 2 ரிசல்ட் நாளை நினைத்துப் பாருங்கள். 2025-ல் சுமார் 7.92 லட்சம் பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள். மே 8 அன்று முடிவு வந்தபோது மாணவர், அப்பா, அம்மா, சித்தப்பா, டியூஷன் டீச்சர் என எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள்தானே?

இதை ஒரு பரோட்டா கடையாக வைத்துக்கொள்வோம். ஒரு மேஜைக்கு ஒரு சர்வர். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அங்கேயே நிற்பார். பத்து மேஜைக்கு இது ஓடும். ஆயிரம் மேஜை என்றால் சர்வர்கள் நிற்கவே கடையில் இடம் இருக்காது. அப்பாச்சியின் பழைய முறை கிட்டத்தட்ட இதுதான். ஒரே சர்வர் பத்தாயிரம் இணைப்புகளை எப்படிச் சமாளிப்பது என்று 1999-ல் டான் கெகல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைப் பரவலாகப் பேச வைத்தது. 2004-ல் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்ட இன்ஜின்எக்ஸ் வேறு வழியில் போனது. இதில் ஒரே சர்வர் பல மேஜைகளில் ஆர்டர் வாங்கி உள்ளே சொல்லிவிட்டு, தயாரானதை உடனுக்குடன் கொடுத்துக்கொண்டே நடப்பார். எங்கேயும் நின்று காத்திருக்க மாட்டார். பிறகு அப்பாச்சியிலும் இதே மாதிரியான முறை வந்தது.

கூட்டம் இன்னும் அதிகமானால் பக்கத்திலேயே இரண்டாவது, மூன்றாவது கடை திறந்து, வாசலில் ஒருவரை நிறுத்தி ஆட்களைப் பிரித்து அனுப்பலாம். இதன் பெயர் லோட் பேலன்சிங். எல்லோரும் கேட்கும் சால்னாவை முன்கூட்டியே செய்து வைத்தால் அது கேஷிங். தேர்வு முடிவை ஒன்றுக்கு மேற்பட்ட இணையதளங்களில் போட்டு, மாணவர் தந்த மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸும் அனுப்புவதால் கூட்டம் ஒரே வாசலில் முண்டுவது குறைகிறது.

பூட்டுக்கும் தேதி உண்டு

நான் விஸ்காம் படித்தவள். கல்லூரியில் எங்கள் மாணவர் இதழுக்கு ஒரு வெப்சைட் வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் திறந்தால், ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பாக எச்சரிக்கை. ஹேக் ஆகிவிட்டது என்று மூன்று நாள் பயந்துகொண்டே இருந்தோம். கடைசியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தோழி ஒருத்தி வந்து பத்தே நிமிடத்தில் சரிசெய்தாள். சர்டிஃபிகேட் காலாவதியாகி இருந்தது, அவ்வளவுதான்.

இது எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியதற்கும் காரணம் புதுப்பிக்காமல் விட்ட ஒரு சர்டிஃபிகேட்தான்.

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டின் பின்னால் இருப்பது இந்த சர்டிஃபிகேட். இதன் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. சர்டிஃபிகேட் வழங்கும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அதிகபட்ச ஆயுள் 398 நாள் என்பது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். இனி காலண்டரில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிப்பது கஷ்டம். தானாகவே புதுப்பிக்கும்படி அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

404, 502... இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

பக்கம் திறக்காதபோது வரும் எண் சும்மா வருவதில்லை. 4-ல் தொடங்கினால் சிக்கல் பெரும்பாலும் கேட்ட விதத்தில் இருக்கிறது. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 403 என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. 5-ல் தொடங்கினால் சிக்கல் சர்வர் பக்கம். 500 என்றால் உள்ளே ஏதோ கோளாறு. 502 என்றால் வாசலில் இருக்கும் சர்வருக்கு உள்ளே இருப்பவரிடமிருந்து சரியான பதில் வரவில்லை. 503 என்றால் கூட்டம் தாங்கவில்லை அல்லது பராமரிப்பு நடக்கிறது. 504 என்றால் உள்ளிருந்து பதில் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

சர்வர் இதையெல்லாம் ‘லாக்’ என்ற பதிவேட்டில் வரி வரியாக எழுதி வைக்கும். யார் கேட்டது, எப்போது, என்ன கொடுத்தோம், எங்கே இடறியது என எல்லாம் அதில் இருக்கும். பழகியவர் முதலில் திறப்பது இந்த லாகைத்தான். பழகாதவர் முதலில் செய்வது ரீஸ்டார்ட். அதில் சர்வர் எழுந்துவிடலாம், ஆனால் ஏன் விழுந்தது என்று கடைசிவரை தெரியாது. நாளைக்கும் விழும்.

முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் (இந்தியக் கரையில் கடைசியாக 1961-ல் நடந்தது) கடலுக்குள் ஒருவர் இறங்கினால், தோணியில் ஒருவர் கயிறைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். அவர் கவனம் சிதறினால் கீழே இருப்பவர் உயிருக்கே ஆபத்து. சர்வர் நிர்வாகத்தில் ‘மானிட்டரிங்’ என்பது அந்தக் கயிறைப் பிடித்திருக்கும் வேலைதான்.

வெள்ளம் சொல்லித் தந்த பாடம்

2023 டிசம்பர் 17, 18-ஐ தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. பல இடங்களில் மின்சாரமும் போன் சிக்னலும் போயின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே சிக்கி நின்றது.

அன்று தரைத்தளத்தில் ஒரு சர்வர் இருந்து, அதன் பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் அதே அறை பீரோவில் இருந்திருந்தால்? இரண்டும் ஒன்றாகத்தான் நனைந்திருக்கும். அதனால்தான் ‘3-2-1’ என்று ஒரு விதி சொல்கிறார்கள். தகவலுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பில், 1 பிரதி வேறு ஊரில்.

இதுவும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக நிஜ டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பேக்கப் எடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் அவற்றில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தார்கள். நடந்ததை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். திருப்பி மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்பக்கூடாது என்பதுதான் இதில் இருக்கும் பாடம்.

கல்லூரியில் இது எங்கே இருக்கிறது?

‘வெப் சர்வர் நிர்வாகம்’ என்ற பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் ‘கிளவுட் மற்றும் டேட்டா சென்டர் தொழில்நுட்பம்’ என்று ஒரு விருப்பப் பாடத்தொகுப்பு உண்டு. கிளவுட், விர்ச்சுவலைசேஷன், ஸ்டோரேஜ், பாதுகாப்பு எனத் துண்டு துண்டாக இந்த வேலை அங்கே இருக்கிறது. தூத்துக்குடி வ.உ.சி. பொறியியல் கல்லூரி இந்தப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிதான். இதுதவிர, 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளில் திறன் பயிற்சி தருகிறது.

தமிழில் கற்கவும் வழி இருக்கிறது. ஐஐடி பாம்பேயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தளத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘கணியம்’ இதழ் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது. லினக்ஸ் பற்றிய தமிழ் மின்னூல்களையும் இலவசமாகத் தருகிறது.

வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

லேப் தேர்வில் எல்லாம் சரியாக ஓடினால்தான் மார்க். வேலையிலோ, எதுவும் ஓடாத நேரத்தில்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். அதனால் பழைய லேப்டாப்பில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, லினக்ஸ் ஏற்றி, ஒரு சிறு தளத்தை ஓட விடுங்கள். பிறகு நீங்களே அதைக் கெடுங்கள்.

• டிஸ்க்கை நிரப்பி, சர்வர் எப்படித் திணறுகிறது என்று பாருங்கள்.

• டேட்டாபேஸை நிறுத்தி, திரையிலும் லாகிலும் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

• ஃபைல் அனுமதியை மாற்றி 403 வரவழையுங்கள். அதைச் சரிசெய்ய எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் ‘777’-ஐப் போடாதீர்கள். அது வீட்டுச் சாவியைத் தெருவில் வைத்துவிட்டுப் போவது மாதிரி.

• முழுத் தளத்தையும் அழித்துவிட்டு, பேக்கப்பில் இருந்து மீட்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் உங்கள் சொந்த மெஷினில் மட்டும். அடுத்தவர் சர்வரில் அனுமதியில்லாமல் கை வைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி குற்றம்.

2024 டிசம்பர் இறுதியில் தூத்துக்குடியில் ரூ.32.50 கோடியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. ஐடி வேலை என்றாலே சென்னைக்கு பஸ் ஏற வேண்டும் என்ற நிலை மெதுவாக மாறலாம். இன்டர்வியூவில் “சர்வர் இன்ஸ்டால் செய்யத் தெரியுமா?” என்று கேட்டால் நிறைய பேர் தலையாட்டுவார்கள். “கடைசியா உங்க சர்வர் எப்போ விழுந்துச்சு, எப்படி எழுப்புனீங்க?” என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதற்குச் சொல்ல உங்களிடம் ஒரு கதையாவது இருக்கட்டும்.