மத்தியான ஊசியை யார் போடுவது? சுகர் உள்ள பிள்ளைகளை பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் தவிப்பு

கப்பலூர்:
சிட்கோ தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்கு உள்ளே போய்விட்டால் சாயங்காலம்தான் வெளியே வர முடியும். இடையில் மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றால் யார் போவது? தினமும் பாதி நாள் லீவு போட எந்த கம்பெனி விடும்? டைப்-1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையை வைத்திருக்கும் கூலி வேலை குடும்பம், கப்பலூரில் இருந்தாலும் திருமங்கலத்தில் இருந்தாலும் சந்திக்கிற முதல் சிக்கல் இதுதான்.

'மிட்டாயா வாங்கிக் கொடுத்து கெடுத்துட்டீங்க' என்று அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். அது தப்பு. பெரியவர்களுக்கு வரும் சுகர் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து விடுகிறது. இனிப்பு தின்றதால் வருவது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக் கொள்ளவும் செய்யாது. மாத்திரை, கஷாயம் எதுவும் ஊசிக்கு ஈடாகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து.

1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. 1922 ஜனவரியில் முதன்முதலாக ஊசி போட்டுக் கொண்டவனும் 14 வயது பையன்தான், பெயர் லியோனார்ட் தாம்சன். 2021-ல் வெளியான சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்ட டைப்-1 நோயாளிகள் 2 லட்சத்துக்கும் மேல்.

பாத்ரூமில் ஊசி

பெரும்பாலான பள்ளிகளில் நர்ஸ் கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில் விழுமே என்று டீச்சர்கள் ஊசியை தொடவே பயப்படுகிறார்கள். அந்த பயத்தை குறை சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்கு சொல்லித் தரவில்லை. கடைசியில் பிள்ளையே பாத்ரூமுக்குள் போய் ஒளிந்து நின்று குத்திக் கொள்ள வேண்டியதாகிறது. சுத்தமான கையும் சுத்தமான இடமும் தேவைப்படும் வேலையை பள்ளிக்கூட பாத்ரூமில் செய்தால் எப்படி இருக்கும்?

இன்னொன்று. சுகர் ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். 'பெல் அடிக்கிற வரைக்கும் உட்காரு' என்று அதட்டினால் பிள்ளை வகுப்பிலேயே நனைத்து விடும். அது சேட்டை இல்லை, வியாதி.

இறங்கினால்தான் அவசரம்

சுகர் ஏறுவதைவிட திடீரென இறங்குவதுதான் பள்ளியில் பெரிய ஆபத்து. விளையாட்டு பீரியடில் ஓடியாடினாலும், சாப்பாடு லேட் ஆனாலும் 70-க்கு கீழே போய்விடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கேட்டதற்கு பதில் சொல்லாமல் முழிக்கும். தூங்கி விழுகிறான் என்று டீச்சர் நினைத்துவிடக் கூடாது.

உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையை தண்ணீரில் கரைத்து குடிக்க வைக்க வேண்டும். குளுக்கோஸ் பவுடரும் கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து திரும்ப சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

'சுகர் பிள்ளை மயங்கிட்டான், இன்சுலின் போடு' என்று பதறுவது உயிருக்கே உலை வைத்துவிடும். நினைவு இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீரோ ஜூஸோ ஊற்றவும் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்து படுக்க வைத்து 108-க்கு போன் அடிக்க வேண்டியதுதான்.

கையில் இருக்கும் கடிதம்

2023-ல் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் இது பற்றி எழுதியது. டாக்டர் சொன்னபடி வகுப்பு நேரத்திலேயே ரத்த சோதனை செய்யவும், ஊசி போடவும், இடையில் நொறுக்குத்தீனி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும். விளையாட்டில் இருந்து ஒதுக்கக் கூடாது. பரீட்சை ஹாலுக்கு சர்க்கரை மாத்திரை, பழம், பிஸ்கட், தண்ணீர் கொண்டு போகலாம். இதை வைத்து உத்தரபிரதேச அரசு அதே ஆண்டு ஜூலையில் பள்ளிகளுக்கு உத்தரவு போட்டது. சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத்தேர்வுக்கு இந்த சலுகையை கொடுத்தது. கேரளாவில் 'மிட்டாயி' என்ற பெயரில் இந்த பிள்ளைகளுக்கு என்றே அரசு திட்டம் இருக்கிறது.

ஹெட்மாஸ்டரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவதைவிட, எவ்வளவு யூனிட், எத்தனை மணிக்கு, இறங்கினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஆணையத்தின் கடித நகலோடு கொடுப்பது நல்லது. அதில் இரண்டு போன் நம்பராவது இருக்கட்டும். மெஷின் ஓடும் சத்தத்தில் ஒருவர் எடுக்காவிட்டாலும் இன்னொருவர் எடுப்பார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவு திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் தருகிறார்கள். பிள்ளை தாராளமாக சாப்பிடலாம். ஆனால் வீட்டில் ஊசி போட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பள்ளியில் போய் இன்னொரு தட்டு பொங்கல் சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். எங்கே சாப்பிடுகிறான் என்பதை டாக்டரிடம் சொல்லி, அதற்கு தகுந்த மாதிரி ஊசி அளவை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மதுரை பெரியாஸ்பத்திரியிலும் வாங்கலாம். கையை கடிப்பது சோதனை செய்யும் ஸ்ட்ரிப்தான். ஒரு நாளைக்கு 3, 4 தடவை பார்த்தால் கூலிக்காரர் வீட்டில் கட்டுப்படி ஆகாது. மருந்தை வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பைக்குள் வைத்த பாட்டில் என்ன ஆகும்? பள்ளியில் பிரிட்ஜ் இல்லாவிட்டால், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் சின்ன சட்டியில் வைக்கலாம். பாட்டில் நனையக் கூடாது, ஐஸ் மேல் நேராக வைக்கவும் கூடாது.

போட்ட ஊசியை வகுப்பு குப்பைக்கூடையில் போட்டால் பெருக்கும் அம்மா கையில் குத்தும். கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைத்து, மருந்து வாங்கப் போகும்போது ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து விடலாம்.