அணைத்த பிறகும் அடிக்கும் கேபிள்

நடுராத்திரி. காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர், தரையில் மைக்கை வைப்பதும் எடுப்பதுமாக நடைபாதையில் நகர்கிறார். சில விநாடிக்கு ஒருமுறை மண்ணுக்கடியில் ‘டொப்’. பழுதான 11 கிலோவோல்ட் கேபிளில் ஓட்டை எங்கே என்று தேடுகிறார்.

அந்தச் சத்தத்தைக் கிளப்புவது வேனுக்குள் இருக்கும் சர்ஜ் ஜெனரேட்டர். களத்தில் அதற்குப் பெயர் ‘தம்பர்’. பெரிய கெபாசிட்டர் ஒன்றில் மின்சாரத்தை ஏற்றி, ஒரே வீச்சில் கேபிளுக்குள் கொட்டும். பழுதான இடத்தில் பொறி வெடிக்கும். கிலோமீட்டர் கணக்கில் காதை வைத்துக்கொண்டு போக முடியாது என்பதால், முதலில் ஒரு மின்துடிப்பை அனுப்பி, அது பழுதில் மோதித் திரும்பும் நேரத்தை அளப்பார்கள். எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்புள்ள கேபிளில் துடிப்பு மைக்ரோவிநாடிக்குச் சுமார் 160 மீட்டர் ஓடும். 10 மைக்ரோவிநாடியில் திரும்பினால், போக 800, வர 800. மைக்குக்கு வேலை கடைசிச் சில மீட்டரில்தான்.

4 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 32 கிலோவோல்ட்டுக்கு ஏற்றினால் சுமார் 2,000 ஜூல். 20 கிலோ அரிசி மூட்டை மூன்றாம் மாடியிலிருந்து விழும் ஆற்றலுக்குச் சமம். இதைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள்; ஒதுங்கி நிற்பார்கள். எனக்குப் பயம், ஸ்விட்சை அணைத்த பிறகு வரும் நிம்மதியின் மேல்தான்.

ஏனென்றால் கேபிளும் ஒரு கெபாசிட்டர். நடுவே கம்பி, சுற்றிலும் காப்பு, அதன்மேல் உலோக உறை. 1746-இல் லைடன் நகரத்தில் மஸ்கென்புரூக்கைத் தூக்கிவாரிப் போட்ட குடுவையும் இதே அமைப்புதான். இது கிலோமீட்டர் நீளக் குடுவை. டிசி வோல்டேஜ் ஏற்றிச் செய்யும் சோதனை முடிந்து கருவியைக் கழற்றினாலும் மின்னூட்டம் உள்ளேயே கிடக்கும்.

அதை இறக்க டிஸ்சார்ஜ் ராடு. முதலில் அதன் கிளிப்பை எர்த்தில் மாட்ட வேண்டும். பிறகு ராடின் நுனியால் கம்பியைத் தொட வேண்டும்; நுனியில் உள்ள ரெசிஸ்டர் வழியே மின்னூட்டம் நிதானமாக வடியும். அப்புறம்தான் நேரடி எர்த். வரிசையை மாற்றினால் எர்த் வயர் உங்கள் கையிலேயே உயிர்பெறும்.

இறக்கிய உடனே ராடை எடுத்துவிடவும் கூடாது. காப்புக்குள் ஊறிக் கிடந்த மின்னூட்டம் மெல்லக் கசிந்து, கம்பியில் மறுபடி வோல்டேஜ் ஏறும். பழைய எண்ணெய்த்தாள் கேபிளில் இது இன்னும் அதிகம். அதனால் எர்த் அப்படியே மாட்டியிருக்கும்.

வேனிலிருந்து பார்த்தால் தெரியாத மறுமுனை ஒன்றும் உண்டு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கம்பி திறந்து கிடக்கும் அந்த இடத்தில் கயிறு கட்டி, போனும் கையுமாக ஓர் ஆள் காவலுக்கு நிற்பார். இங்கே எர்த் மாட்டியாகிவிட்டது என்று தகவல் வரும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார், டீ கொண்டு வரும் பையனைக்கூட.