பழைய டிராக்டர்: வாங்கும் முன் ஒரு கணக்கு

புதிய டிராக்டர் வாங்க வசதி இல்லாத சிறு விவசாயிக்குப் பழைய டிராக்டர் கைகொடுக்கும். எனினும், வாங்கும் விலையோடு பழுதுபார்க்கும் செலவையும் ஆவணச் செலவையும் கூட்டிப் பார்த்தால்தான் வண்டியின் உண்மையான விலை தெரியும். கையில் 3 லட்ச ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். வண்டிக்கு 2 லட்சத்திற்கு மேல் கொடாமல், எஞ்சியதை மற்ற இரண்டிற்கும் ஒதுக்கி வைக்குமாறு பரிந்துரைக்கிறோம்.

இயந்திரத்தைப் பார்க்கும் முன் பதிவுச் சான்றைப் பாருங்கள். கடனில் வாங்கிய டிராக்டராயின், கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். அக்கடன் நிலுவையில் இருந்தால், நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் ஒருநாள் பறிமுதல் செய்யப்படக்கூடும். கடன் தீர்ந்ததற்கான சான்றையும், கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட 35ஆம் எண் படிவத்தையும் பெற்ற பின்னரே முழுத் தொகையைக் கொடுங்கள். சான்றிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். வேளாண் டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எனவே, பதிவு காலாவதியாகிவிட்டதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, நம்பகமான மெக்கானிக்குடன் சென்று, குளிர்ந்த நிலையில் எஞ்சினை இயக்கிப் பாருங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கலாம். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. தூக்கி நிறுத்திய கலப்பை, எஞ்சின் ஓடும்போதே அடிக்கடி இறங்கி ஏறினால் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு இருக்கலாம். பின்சக்கர டயர்கள் விலை மிகுந்தவை. தேய்மானத்தைச் சுட்டிக்காட்டி விலை பேசுங்கள். உதிரிபாகங்கள் அருகிலுள்ள ஊரிலேயே கிடைக்கும் மாடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வாங்கியபின் பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். ஆயில், டீசல் ஃபில்டர்களையும் எஞ்சின் ஆயிலையும் மாற்றி, காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்யுங்கள். கிளட்ச், ஹைட்ராலிக் வேலைகள் அடுத்து வரட்டும். பெயிண்ட் கடைசியில் அடித்தால் போதும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 29, 30ஆம் எண் படிவங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்க வேண்டும். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற, வாங்கிய 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

பழைய டிராக்டருக்குக் கடன் பெற எண்ணுவோர், முன்பணம் கொடுக்கும் முன்பே பதிவுச் சான்றின் நகலுடன் எங்கள் கிளைக்கு வாருங்கள். ஆவணங்களில் உள்ள குறைகளை அப்போதே எடுத்துக் கூற இயலும்.