வெட்டியும் விதைத்தும் காத்த ஆற்றங்கரை

மரம் நடுவது அறம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு நிலத்தை உயிருக்கு உயிராய் நேசிக்கின்றவர்களே அந்நிலத்து மரங்களை வெட்டுகிறார்கள், புல்லுக்குத் தீயிடுகிறார்கள் என்றால் நமக்கு வியப்பாக இராதா? அமெரிக்க நாட்டின் சிகாகோ மாநகரில், சிகாகோ ஆற்றின் வடகிளைக் கரையோரத்தில், 1977-ஆம் ஆண்டு முதல் இப்பணி நடந்து வருகிறது. இதைச் செய்வோர் பெரும்பாலும் கூலி பெறாத சாதாரணக் குடிமக்கள். அழிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட இவர்கள், உண்மையில் எதைக் காத்தார்கள் என்பதை அறிவது நமக்கும் பயன் தரும்.

வேலி மட்டும் போதவில்லை

சிகாகோ அமைந்துள்ள இல்லினாய் மாநிலத்துக்குப் ‘புல்வெளி மாநிலம்’ என்பது பட்டப்பெயர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே 2 கோடியே 20 இலட்சம் ஏக்கர் புல்வெளி பரந்து கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புல்லும், அதனிடையே நூற்றுக்கணக்கான பூஞ்செடிகளும் நிறைந்த நிலம் அது. 1837-இல் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்தார். வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்ட கரிய மண் எஃகில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அதன்பின் புல்வெளி விரைந்து வயலாயிற்று. பழைய வளம் குன்றாமல் இன்று எஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கே. அதுவும் இருப்புப்பாதை ஓரங்களிலும், பழைய கல்லறைத் தோட்டங்களிலும், ஆற்றங்கரைகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

சிகாகோவைச் சூழ்ந்த குக் வட்டாரத்து மக்கள் முன்யோசனை உடையவர்கள். நகரம் பெருகுமுன் காட்டையும் புல்வெளியையும் பொதுச் சொத்தாக்க வேண்டுமென்று 1914-இல் வாக்களித்தார்கள். அவ்வாறு காக்கப்பட்ட நிலம் இன்று ஏறத்தாழ 70,000 ஏக்கர். வடகிளை ஆற்றின் இருமருங்கும் உள்ள பூங்காப் பகுதிகள் அவற்றுள் அடங்கும். வீடும் ஆலையும் அந்நிலத்தில் எழாதபடி சட்டம் காத்தது.

ஆயினும் நிலம் நலியத் தொடங்கியது. காரணம் இரண்டு. பொட்டவாட்டமி முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்த காலத்தில் புல்வெளியில் அவ்வப்போது தீ மூட்டுவார்கள். புல்லின் வேர் மண்ணுக்குள் ஆழ்ந்து கிடப்பதால் தீயில் மடிவதில்லை. பர் ஓக் என்னும் மரத்தின் தடித்த பட்டையும் தீயைத் தாங்கும். மற்றப் புதர்களே கருகும். 1833-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப்பின் அம்மக்கள் வெளியேற்றப்பட்டனர், தீயும் நின்றுபோயிற்று. இரண்டாவது காரணம், வேலிக்கென்று ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பக்தார்ன் என்னும் புதர். நம் ஊர்களில் வேலிக்கும் விறகுக்கும் வந்து ஏரி குளங்களைக் கவர்ந்துகொண்ட சீமைக் கருவேலத்தை இதற்கு ஒப்பிடலாம். பக்தார்ன் மற்றச் செடிகளுக்கு முன்னே தளிர்த்து, அவற்றுக்குப் பின்னே இலை உதிர்க்கும். அதன் நிழலில் ஓக் கன்றும் முளைக்காது, பூஞ்செடியும் பிழைக்காது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது பசுமையான காடு. உள்ளே வெறும் மண்.

மருத்துவர் விட்டுச் சென்ற பட்டியல்

ஸ்டீபன் பேக்கார்டு என்பவர் ஆற்றோரப் பூங்காக்களில் எஞ்சியிருந்த சிறு புல்வெளித் துண்டுகளைக் கண்டு மனம் இரங்கினார். 1977-இல் நண்பர்களைத் திரட்டி, பூங்காத் துறையின் இசைவு பெற்று, வடகிளைப் புல்வெளித் திட்டத்தைத் தொடங்கினார். புதர் வெட்டினார்கள், எஞ்சிய செடிகளின் விதைகளைச் சேர்த்துத் தூவினார்கள்.

திறந்த வெளியில் பயன் கிட்டியது. ஓக் மரங்களின் அரைநிழலிலோ தூவிய புல்வெளி விதைகள் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே வேறு செடிகள் தலைகாட்டின. மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் அந்நிலம் தனி வகையானது, அதற்கெனத் தனிச் செடிகள் உண்டு என்று பேக்கார்டு ஐயுற்றார். சான்று தேடியவருக்குக் கிடைத்தது ஒரு பழைய பட்டியல். இல்லினாயில் வாழ்ந்த சாமுவேல் மீட் என்னும் மருத்துவர், எந்தச் செடி எவ்வகை நிலத்தில் வளர்கிறது என்று குறித்து 1846-இல் ஓர் உழவர் ஏட்டில் வெளியிட்டிருந்தார். அப்பட்டியல் வழிகாட்டிற்று. நூற்றாண்டுக்கு முன் ஒருவர் பொறுமையோடு எழுதி வைத்தது, பிற்காலத்தவர் ஒரு நிலத்தை மீட்பதற்குத் துணையாயிற்று.

ஆண்டு முழுதும் வேலை

தொண்டர்கள் பெரும்பாலும் வார இறுதி நாள்களில் கூடுகிறார்கள். பனிக்காலத்தில் பக்தார்னை வெட்டிக் குவித்து எரிப்பார்கள். வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. ஆதலால் பயிற்சி பெற்றவர்கள் அதன்மீது களைக்கொல்லி தடவுவார்கள். காற்றும் ஈரமும் ஏற்றபடி அமையும் நாளில், பயிற்சியும் அனுமதியும் பெற்ற குழுவினர் புல்லுக்குத் தீயிடுவார்கள். கோடையில் களை பறிப்பார்கள். இலையுதிர் காலத்தில் விதை சேகரிப்பு. ஈர நிலம், வறண்ட நிலம், வெயில், நிழல் என்று பிரித்து விதைகளைக் கலந்து தூவுவார்கள். விதை பொறுக்கும் வேலையில் முதியவர்களும் பிள்ளைகளும் கூடப் பங்குகொள்ள இயலும்.

எண்ணிப் பார்ப்பதும் தொண்டே

பாடுபட்டால் மட்டும் போதுமா? பட்ட பாடு பலித்ததா என்று அறிய வேண்டாமா? இங்கேதான் இத்தொண்டின் தனிச்சிறப்பு விளங்குகிறது. 1987 முதல் இல்லினாயில் தொண்டர்கள் குறித்த பாதையில் நடந்து வண்ணத்துப்பூச்சிகளை எண்ணி வருகிறார்கள். வசந்தகால இரவுகளில் நீர்நிலைகளின் அருகே நின்று, தவளைகளின் குரலைக் கேட்டே இனம் குறிப்பவர்களும் உண்டு. 2001-இல் சிகாகோ தாவரத் தோட்டத்தினர் அரிய செடிகளைக் கண்காணிக்கும் திட்டமொன்றைத் தொடங்கினர். அதில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் தமக்குரிய இடத்துக்குச் சென்று, எத்தனை செடி நிற்கிறது, எத்தனை பூத்தது, மான் கடித்ததா, களை நெருக்குகிறதா என்று குறித்து அனுப்புகிறார்கள்.

விளிம்பு கிழிந்த வெள்ளைப் பட்டுபோல் இதழ் விரிக்கும் ஓர் ஆர்க்கிட் மலர் அப்புல்வெளியில் உண்டு. அதன் இனம் அருகிப் போனதால் 1989-இல் நடுவண் அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான செடிகளின் பட்டியலில் சேர்த்தது. இரவில் பறக்கும் பெரிய விட்டில்களே அதற்கு மகரந்தம் சேர்ப்பவை. அவை வாராத இடங்களில் தொண்டர்கள் மண்டியிட்டு, பல் குத்தும் குச்சியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மறுபூவில் வைக்கிறார்கள். தூசு போன்ற அதன் விதை, மண்ணிலுள்ள பூஞ்சணத்தின் துணையின்றி முளைக்காது. முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். மான்கள் மேய்ந்து விடாதபடி கம்பிக்கூடு இட்டு அதைக் காக்கிறார்கள். சோம் என்னும் பகுதியில் விதை தூவிய இடங்களில் இன்று அம்மலர் மீண்டும் பூக்கிறது.

அயலாரின் சினம்

1996-இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பூங்காவை அடுத்து வாழ்ந்தோர் பலர், “எங்கள் மரங்களை ஏன் வெட்டுகிறீர்கள்? வீட்டருகே தீ ஏன்? நஞ்சு ஏன்?” என்று முறையிட்டனர். வட்டார ஆட்சியினர் பணிகளை நிறுத்தி வைத்தனர். தடை படிப்படியாகவே தளர்ந்தது. சில இடங்களில் பல ஆண்டுகள் நீடித்தது.

எதிர்த்தவர்களைத் தீயோர் என்று தள்ளிவிட முடியாது. அவர்களும் மரங்களை நேசித்தவர்களே. தம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்ற பசுமை ஒருநாள் வெட்டுண்டு கிடப்பதைக் காணும் மனம் பதறாதா? தொண்டர்கள் செடிகளை அறிந்த அளவு அயலாரிடம் விளக்கிச் சொல்லவும் வேண்டியிருந்தது. அப்படி விளக்குவதற்குக் கைகொடுப்பது ஆண்டுதோறும் குறித்து வைத்த கணக்கே. இங்கே புதர் நீங்கியபின் இன்னின்ன செடி திரும்பிற்று, இங்கே திரும்பவில்லை என்று ஒளிக்காமல் காட்டுவோரின் சொல்லுக்கே மதிப்பு உண்டாகும்.

அன்பு மட்டும் ஒரு நிலத்தைக் காத்துவிடாது. எது இம்மண்ணுக்கு உரியது, எது வந்தேறி அதை நெரிக்கிறது என்று பிரித்தறியும் அறிவு வேண்டும். தாம் பார்க்கக் கிடைக்காத ஓக் மரத்துக்காக இன்று விதை தூவும் பொறுமை வேண்டும். தம் உழைப்பையே ஐயத்தோடு எண்ணிப் பார்க்கும் நேர்மை வேண்டும். வடகிளைக் கரையில் பக்தார்ன் இன்னும் ஒழிந்தபாடில்லை. பறவைகள் அதன் கனியைத் தின்று விதையைப் பரப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே வேலை முடிவதில்லை. ஒரு தலைமுறை வெட்டி விதைத்து எண்ணியதை அடுத்த தலைமுறை கையேற்கிறது. அந்த ஆற்றங்கரை உயிரோடு இருப்பது அதனால்தான்.