மறுமுறை இரத்தம் கேட்பது ஏன்?

“நேற்றுத்தானே இரத்தம் கொடுத்தோம், இன்று மறுபடியும் ஏன் கேட்கிறார்கள்?” சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ் பரிசோதனைக்கு வரும் குடும்பத்தினர் சிலருக்கு இக்கேள்வி எழுவதுண்டு. நோய் முற்றிவிட்டதோ என்ற அச்சமும் அதற்குள் மறைந்திருக்கும். மறுமுறை கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. இப்பரிசோதனையில், மாதிரியைப் பக்குவப்படுத்துவதில் நேரும் சிறு பிழையும் இல்லாத நோயை இருப்பதுபோல் காட்டக்கூடும். அத்தகைய ஐயம் எழும்போது, தவறான அறிக்கை தருவதைவிட இன்னொரு மாதிரியைக் கேட்பதே முறை.

பரிசோதனை எதைக் காட்டுகிறது?

இரத்தம் உறைந்தபின் பிரியும் வெளிர்மஞ்சள் நிற நீரே சீரம். அதன் ஒவ்வொரு டெசிலிட்டரிலும் ஏறத்தாழ 6 முதல் 8 கிராம் வரை புரதங்கள் கரைந்துள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டது அல்புமின், ஏனையவை குளோபுலின்கள்.

கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகரோஸ் என்னும் பொருளால் மெல்லிய ஜெல் படலம் ஒன்றை அமைத்து, அதில் சிறிதளவு சீரம் இட்டு மின்சாரம் செலுத்துவார்கள். ஒவ்வொரு புரதமும் தன் மின்னூட்டத்திற்கு ஏற்ப வெவ்வேறு விரைவில் நகரும். அல்புமின் முன்னே செல்லும். காமா குளோபுலின் பின்தங்கும். சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்னே டிசேலியஸ், 1937ஆம் ஆண்டில் ஜெல் இன்றித் திரவத்திலேயே இவ்வாறு புரதங்களைப் பிரித்து, குளோபுலின்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா எனப் பெயரிட்டார். 1948இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

காமா பகுதியில் இருப்பவை பெரும்பாலும் நோய் எதிர்ப்புப் புரதங்கள். நலமான உடலில் இவை எண்ணற்ற வகையாக இருப்பதால், அப்பகுதி பரந்த மேடுபோல் தோன்றும். எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் ஒரே ஒரு வகை பெருகி, ஒரே புரதத்தை மிகுதியாகச் சுரந்தால், அந்த மேட்டில் குறுகிய கூர்மையான பட்டை எழும். இதற்கு எம் பட்டை என்று பெயர். மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோயைக் கண்டறியவும், சிகிச்சையின் பலனை அளக்கவும் மருத்துவர் தேடுவது இப்பட்டையைத்தான்.

ஜெல்லை அடையும் முன்

எடுத்த இரத்தத்தை அரைமணி நேரம் அளவுக்கு அசையாமல் வைத்து உறைய விடுவார்கள். பின்னர் மையவிலக்குக் கருவியில் சுழற்றினால், உறைந்த பகுதி அடியில் தங்கச் சீரம் மேலே தெளியும். இங்கு அவசரம் கூடாது. உறைதல் முழுமை பெறாவிட்டால், ஃபைப்ரினோஜன் என்னும் உறைபுரதம் சீரத்திலேயே தங்கிவிடும். அது பீட்டாவுக்கும் காமாவுக்கும் இடையே ஒரு பட்டையாக நின்று, எம் பட்டையைப்போல் கண்ணை ஏமாற்றும்.

குழாயை வேகமாகக் குலுக்கினாலோ, இரத்தம் எடுப்பது கடினமாக இருந்தாலோ சிவப்பணுக்கள் உடைந்து சீரம் செந்நிறமாகும். வெளிப்பட்ட ஹீமோகுளோபினும் ஜெல்லில் தேவையற்ற பட்டையைத் தோற்றுவிக்கும்.

ஆராய்ச்சிக் கூடங்களில் வேறொரு முறையும் உண்டு. 1970இல் உல்ரிக் லெம்லி வெளியிட்ட அம்முறையில், புரத மாதிரியைச் சலவைப்பொருள் போன்ற ஒரு வேதிப்பொருளுடன் சேர்த்துச் சூடாக்கி, புரதங்களின் மடிப்பை அவிழ்த்து, அளவுக்கேற்பப் பிரிப்பார்கள். மைலோமாவைத் தேடும்போது அது உதவாது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை. ஆகவே நோய்க்குரிய புரதம் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடும். எனவேதான் உங்கள் சீரத்தைக் கொதிக்க வைக்காமல், புரதங்களின் இயல்பு மாறாமல் பாதுகாக்கிறார்கள்.

சிறுநீர் சேகரிப்பு: குடும்பத்தினரின் பங்கு

மைலோமா நோயாளிகள் பலரின் சிறுநீரில் ஒரு சிறிய புரதம் வெளியேறும். 1840களில் இலண்டனில் அதை ஆராய்ந்த மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸின் பெயரே அதற்கு வழங்குகிறது. அது ஒரு நாளில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அறிய 24 மணிநேரச் சிறுநீர் தேவை.

காலை 6 மணிக்குத் தொடங்குவதாகக் கொள்வோம். அப்போது கழிக்கும் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். அதன்பின் பகலிலும் இரவிலும் கழிப்பதை ஒன்றுவிடாமல் கலனில் சேர்த்து, மறுநாள் காலை 6 மணிக்குக் கழிப்பதையும் சேர்த்து முடிக்க வேண்டும். கலனைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இடையில் ஒருமுறை தவறவிட்டால், அதை மறைக்காமல் ஆய்வகத்தாரிடம் கூறுங்கள். குறைவான சிறுநீரிலிருந்து வரும் குறைவான அளவு, நோய் தணிந்ததாகப் பொய்யான ஆறுதல் தரும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவரும், டயாலிசிஸின்போது ஹெப்பாரின் பெறுபவரும் அதை இரத்தம் எடுப்பவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு உறைதல் தாமதமாகலாம். மைலோமாவுக்கான டாராடுமுமாப் மருந்தும் ஒரு நோய் எதிர்ப்புப் புரதமே. ஆகவே அதுவே ஜெல்லில் சிறு பட்டையாகத் தெரியக்கூடும். கடைசியாக எந்த நாளில் அம்மருந்து செலுத்தப்பட்டது என்ற குறிப்பைக் கொண்டு வாருங்கள்.

அறிக்கையில் எம் பட்டை இருந்தால்

உடனே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து மக்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கு நோய் அறிகுறி ஏதுமின்றி இத்தகைய புரதம் இருந்தது. இந்நிலையிலிருந்து மைலோமா போன்ற நோயாக மாறுவோர் ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ ஒருவரே. எனினும், குறித்த காலத்தில் மீண்டும் பரிசோதித்துக்கொள்வதைக் கைவிடலாகாது.

தொடர் பரிசோதனைகளை இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்துகொண்டு, பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் வைத்திருங்கள். ஒரே முறையில் எடுத்த அளவுகளை ஒப்பிடும்போதுதான், புரதம் கூடுகிறதா குறைகிறதா என்பது மருத்துவருக்குத் தெளிவாகும். மறுமுறை இரத்தம் கேட்டால், காரணத்தைத் தயங்காமல் கேளுங்கள். அதை அறிவது உங்கள் உரிமை.