எந்த ஜவ்வு?

போன பொங்கலுக்கு இரும்பை போனபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அத்தையுடையது. வயது 61, மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு சுமந்தவர். இன்னொன்று தங்கை மகனுடையது. வயது 21. கபடி ஆடும்போது பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு மட்டும் திரும்பி, "டப்"புன்னு சத்தம் கேட்டுச்சாம். இரண்டு பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு."

அத்தைக்கு அடுத்த வாரமே ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அவனுக்கு, வீக்கம் வடியட்டும், பொறுங்கள் என்று. "அதே ஜவ்வுதானேப்பா, சின்னப் பையனைக் காக்க வெச்சுட்டு எனக்கு என்ன அவசரம்?" என்றார் அத்தை. நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. லீவு முழுக்க அதிலேயே போயிற்று.

குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. முட்டிக்குள் இருக்கும் மூன்று வேறு பொருட்களை நாம் ஜவ்வு என்கிறோம்.

முதலாவது, எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் சத்தமில்லாமல் தேயும், தேய்ந்தால் பழையபடி வளராது. இரண்டாவது மெனிஸ்கஸ்: தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள். நடக்கும்போது முட்டியில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு இறங்குகிறது. தலையில் 20 கிலோ கூடை என்றால் முட்டிக்கு அது கூடுதலாக 50 கிலோ. முப்பது வருஷத்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். மூன்றாவது லிகமென்ட், எலும்பையும் எலும்பையும் கட்டும் கயிறு. முக்கியமானவை நான்கு.

பையனுக்கு அறுந்தது ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிக்கும் கயிறு. முழுசாக அறுந்தால் பொதுவாகத் தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாண் எடுத்து, இரண்டு எலும்பிலும் துளை போட்டு, புதுக் கயிறாகக் கோத்துவிடுகிறார்கள். வீக்கம் வடிந்து கால் நன்றாக மடங்கி நீளும் முன்பே செய்தால் மூட்டு இறுகிவிடும் ஆபத்து உண்டு. காத்திருப்பு அதற்குத்தான். பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். 2022 டிசம்பர் விபத்தில் லிகமென்ட் கிழிந்த ரிஷப் பந்த், 2024 மார்ச்சில்தான் மறுபடி ஐபிஎல் ஆடினார்.

அத்தையின் ஸ்கேனில் இருந்தது மெனிஸ்கஸ் கிழிசல், கூடவே குருத்தெலும்புத் தேய்மானம். இந்த வயதில் இப்படிக் கிழிவது நரை மாதிரி, வலியே இல்லாதவர்கள் ஸ்கேனிலும் தெரியும். 2013-ல் பின்லாந்தில் 146 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிழிசலை வெட்டினார்கள், மறுபாதிக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும். ஒரு வருஷம் கழித்து வித்தியாசம் இல்லை. அவர்களுக்குத் தேய்மானம் கிடையாதே என்று கேட்கலாம். தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஹூஸ்டனில் நுண்துளை ஆபரேஷனைச் சோதித்தார்கள், 2002-ல் வெளியான முடிவும் அதேதான். கிழிந்த துண்டு சிக்கி முட்டி பூட்டிக்கொண்டால் அது வேறு கதை.

ரொம்பவே தேய்ந்தால் மூட்டு மாற்று இருக்கிறது. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000, 2001-ல் இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டார். 2017-ல் மத்திய அரசு சாதாரண கோபால்ட்-குரோமியம் செயற்கை மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது.

அத்தை இன்னொரு டாக்டரிடம் போய், "எந்த ஜவ்வு?" என்றே கேட்டார். அவர் ஆபரேஷனைத் தள்ளிவைத்து பிசியோதெரபிக்கு அனுப்பினார். இப்போது தினமும் காலையில் அரை கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்குகிறார்.