ஒரு சாணுக்கும் குறைவாக மண்

"அக்கா, நம்ம வண்டி ட்ரெய்லர் இழுக்குமா?"

சிட்னியின் மேற்கே பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் புதுசாக வீடு வாங்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். தோட்டத்துக்கு மண், செடிக்கு உரம், குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட வேண்டிய பழைய சோபா என்று வேலை வந்துகொண்டே இருக்கும். நம் ஊர்போலத் தெருமுனையில் குட்டியானை நிற்காது. அதனால் ஆளாளுக்குக் காரின் பின்னால் 'ஆறுக்கு நாலு' கட்டிக்கொள்கிறார்கள். ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு இரும்புப் பெட்டி, ஒரே அச்சு, இரண்டு சக்கரம். நான் கறிவேப்பிலை, முருங்கைக் கன்றுகள் வளர்த்து வாரச் சந்தைகளில் விற்பவள். எனக்கு ட்ரெய்லர் பிழைப்பின் பாதி.

இழுக்கும். இன்றைக்கு விற்கிற சின்ன எஸ்யூவிகள் பெரும்பாலும் அந்தப் பெட்டியை இழுத்துவிடும். நிறுத்துமா, நேராகப் போகுமா என்பதுதான் விஷயம். இந்தச் சின்ன ட்ரெய்லர்கள் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் கிடையாது. பின்னால் வரும் எடையையும் சேர்த்துக் காரின் பிரேக்தான் தாங்க வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டப்படி பிரேக் இல்லாத ட்ரெய்லர், சரக்கோடு சேர்த்து 750 கிலோவைத் தாண்டக் கூடாது.

750 என்றதும் எல்லாக் காருக்கும் 750 என்று நினைத்துவிடுகிறார்கள். 2019-இல் வந்த டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கரமும் ஓட்டும் மாடல், பிரேக் உள்ள ட்ரெய்லரை 1,500 கிலோ வரை இழுக்கலாம். முன்சக்கரம் மட்டும் ஓட்டும் மாடலுக்கு 480 கிலோதான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் பின்கதவில் இருக்கும் சின்ன எழுத்தைத் தவிர வித்தியாசம் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கிறாரே என்று நாமும் இழுக்க முடியாது. காரின் கையேடு, ட்ரெய்லர் மாட்டும் டோ பாரில் அடித்திருக்கும் தகடு, ட்ரெய்லரின் தகடு, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் நம் கணக்கு.

மண் கிடங்குக்கு என்னோடு வந்த ஒரு தம்பிக்கு இதையெல்லாம் வாயால் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. லோடர் ஓட்டுபவர் ஒரு வாளி கொட்டியதும், "இன்னும் பாதி காலியா இருக்கே, ஃபுல்லா போடச் சொல்லுங்கக்கா, நாலு கிலோமீட்டர்தானே" என்றான்.

"தம்பி, அந்த நாலு கிலோமீட்டர்ல மூணு சிக்னல் இருக்கு" என்றேன்.

கணக்கு இதுதான். பெட்டி 1.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 0.65 கன மீட்டர். தோட்டத்து மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,300 கிலோ வரும். ஆக மண் மட்டும் 840 கிலோ. பெட்டியே 250 கிலோ இருக்கும். மொத்தம் ஒரு டன்னுக்கு மேல். 750-க்குள் நிற்க வேண்டுமானால் மண் 500 கிலோதான், அதாவது பெட்டிக்குள் 18 சென்டிமீட்டர். கையை விரித்துப் பெட்டிக்குள் நட்டு வைத்துக் காட்டினேன். ஒரு சாண்கூட இல்லை. ஈர மணல் என்றால் இன்னும் குறையும். மரப்பட்டைத் தூள் என்றால் விளிம்பு வரை தாராளமாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு குவியல்தான், அதனால்தான் ஏமாறுகிறோம்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட எங்கே ஏற்றுகிறோம் என்பதில் எனக்குப் பயம் அதிகம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது டோ பாரின் நுனியிலுள்ள பந்தின், அதாவது டோ பாலின் மேல் உட்கார வேண்டும். 700 கிலோ என்றால் 70 கிலோ. குளியலறை எடை மெஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, ட்ரெய்லரின் மூக்கை அதில் இறக்கினால் தெரிந்துவிடும். மூக்கு, காரில் மாட்டும்போது இருக்கிற உயரத்திலேயே இருக்க வேண்டும். என் எலுமிச்சைத் தொட்டிகள் அச்சுக்குச் சற்று முன்னால், நாற்றுத் தட்டுகள் பின்னால். கனமானதைக் கடைசியில் வைத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், வேகம் கூடும்போது ட்ரெய்லர் நாய் வால்போல ஆட ஆரம்பிக்கும். எம்4 நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்து போகும் காற்றே அதைத் தொடங்கிவைக்கப் போதும். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் ஆட்டத்தைக் கூட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தணிந்து தானே அடங்கும். அடங்கியதும் ஓரங்கட்டிச் சரக்கை மாற்றி அடுக்க வேண்டும். மெதுவாகப் போனால் சரியாகிவிடும் என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு காரின் சுமையிலும் சேரும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான், பந்தின்மேல் 70 கிலோ என்றால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்கள் லேசாகிவிடும். முன்சக்கர ஓட்டமுள்ள வண்டி ஈரமான ஏற்றத்தில் வழுக்கிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

மாட்டுவதில் ஒரு சோதனையை நான் விடுவதே இல்லை. இங்கே டோ பால் 50 மில்லிமீட்டர். பழைய வண்டிகளில் ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலப் பந்து இன்னும் தட்டுப்படும். இரண்டு மில்லிமீட்டர் சின்னது, கண்ணுக்குத் தெரியாது, மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஒரு பள்ளத்தில் கழன்றுகொள்ளும். அதனால் பந்தைக் கவ்வும் கப்ளிங்கைப் பூட்டியதும், மூக்கைத் தாங்கும் ஜாக்கி வீலைச் சுற்றி ட்ரெய்லரின் மூக்கை மேலே தூக்குவேன். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஜாக்கி வீலை மடக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டாக இருந்தால் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போடவேண்டும். கப்ளிங் கழன்றாலும் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

ரிவர்ஸ் எடுப்பதுதான் எல்லோருக்கும் கிலி. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். குட்டி ட்ரெய்லர் நீளமானதைவிடச் சீக்கிரம் மடங்கிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. மடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் முன்னே போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். புது வண்டிகள் சிலவற்றில் சென்சார் ட்ரெய்லரையே சுவர் என்று நினைத்துத் தானாகப் பிரேக் அடிக்கும். அதை அணைத்துவிட்டுத்தான் பின்னால் எடுக்க முடியும்.

சொந்த ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து டயர் புதுசு என்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கும் டயர் தேயாது, வெடித்துப்போகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பெட்ரோல் போட நிறுத்தும்போது சக்கரத்தின் நடுக்குமிழ் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதன் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டில் பி1, அதாவது முதல் கட்டத் தற்காலிக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் இருந்தால் ஒரு வார்த்தை. நியூ சவுத் வேல்ஸில் அவர்கள் காலி எடை 250 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் இழுக்கக் கூடாது, எல் போர்டுக்காரர்கள் எதையுமே இழுக்கக் கூடாது. கூண்டு வைத்த ஆறுக்கு நாலு பல அந்த 250-ஐத் தாண்டும். ட்ரெய்லரின் காலி எடையைத் தெரிந்துகொண்டு சாவியைக் கொடுங்கள்.